மரை எண்ணாத புதன்கிழமை

— "ஏப்ரல் 8, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்பு முடிந்த பிறகு மரையை எண்ணாமல் விட்டுவிட்டேன்." என்ன புள்ள இது? நான் தேடுனது இது இல்லையே.

— அய்யோ, மங்களம் அக்கா! பின்பக்கம் தொறந்துட்டீங்க. முன்பக்கம்தான் மெக்கானிக் கிளாஸ் நோட்ஸ். பின்னாடி எழுதுறது என் டைரி. கொடுங்க இங்க.

— ஒரே நோட்டுல ரெண்டு கணக்கா உனக்கு? சரி, உன் டைரியை நீயே வச்சுக்க. எனக்கு நட்டு எழுதுன பக்கம் வேணும்.

— எதுக்கு?

— எதுக்கா? ஜெக்கரியா பாய் சாயங்காலம் நாம ரிப்பேர் பண்ணின தன் காரை எடுத்துக்கிட்டுப் போறப்ப என்ன சொன்னாரு? உன் காதுலயும்தானே விழுந்துச்சு?

— விழுந்துச்சு.

— "ஹேண்ட்பிரேக் நட்டை வச்ச கை எதுவோ, அந்தக் கைதான் என் ஒர்க்‌ஷாப்புக்கு வேணும். ஒரே ஒரு ஆளு. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் நோட்டைக் கொண்டாந்து காட்டுங்க"ன்னாரு. நட்டை வச்சது நானு. என் பேரு நோட்டுல இருக்கான்னு பாத்துட்டு நான் பாட்டுக்கு பஸ்ஸுக்குப் போறேன்.

— நாப்பத்தொன்னாம் பக்கம். நானே படிக்கிறேன்.

— ஏன், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதைக் கேக்க சகிக்கலையா?

— அப்படிச் சொன்னேனாக்கா? கேளுங்க. "பழைய கார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் திரும்ப விடுவதில்லை. லிவரை இறக்கிய பிறகும் பின் சக்கரம் பிடித்துக்கொண்டே சுற்றுகிறது. காரணம், மழைக்காலம் முழுக்க பிரேக்கை இழுத்தபடியே வண்டி கொட்டகையில் நின்றிருக்கிறது. டிரம் துரு, கேபிள் துரு."

— உளுந்தங்கொடி எங்க போச்சு?

— என்னது?

— கேபிள் உறையோட வாயில சுருட்டிக்கிட்டு இருந்துச்சே, கையளவு. ரோட்டுல உளுந்து காயப் போட்டிருக்கான், அது மேல ஓட்டிக்கிட்டுப் போனா அடியில சுத்திக்கும்னு சொன்னேன். நான்தானே இழுத்து வெளிய எடுத்தேன்? சார்கூட "அட, மங்களம்!"னாரு.

— இடம் இல்லக்கா. அதான் துருன்னு மட்டும் போட்டேன்.

— அரைப் பக்கம் வெள்ளையா கெடக்கு. இடம் இல்லையாம். சரி, படி.

— "டிரம்மைக் கழற்றித் துரு தேய்த்தது, பிரேக் ஷூ சரிசெய்தது: ஆஷிகா. கேபிளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தது: மங்களாம்பிகை. கேபிள் நட்டு ஆறு சுற்று இறுக்கியது. லிவர் ஐந்தாவது 'கடக்'கில் நிற்கிறது. நட்டுக்கு வெளியே பதினொரு மரை தெரிகிறது. லாக் நட்டு இறுக்கியாயிற்று."

— நில்லு. ஷூவுக்கு உன் பேரு இருக்கு. கிரீஸுக்கு என் பேரு இருக்கு. நட்டுக்கு யாரு பேரு?

— போடல.

— ஏன் போடல?

— சரியா சொல்லணும்னா, நட்டைத் திருகுனது நீங்க. ஆனா எண்ணினது நான். ஒவ்வொரு சுத்துக்கும் லிவரை இழுத்துப் பாத்தது நான். ஆறுல நிறுத்துங்கன்னு சொன்னதும் நான்தான்.

— நீ "ஆறு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே என் கை நின்னுடுச்சு. நல்லா யோசிச்சுப் பாரு.

— அதான்! அதேதான்க்கா எனக்கு வயித்தெரிச்சல்!

— என்ன?

— ஒன்னும் இல்ல.

— இல்ல, வாயைத் தொறந்துட்ட. சொல்லு.

— நாலு மாசமா பகல்ல துணிக்கடையில நின்னுட்டு, ராத்திரி உக்காந்து எழுதி எழுதி கத்துக்கிறேன். எத்தனை சுத்து, எத்தனை மரை, எந்த ஸ்பேனர், எல்லாம் எழுதுறேன். நீங்க வயல்ல நடவு மிஷின் ஓட்டிட்டு சேத்துக் காலோட வர்றீங்க. ஒரு திருகு, ரெண்டு திருகு, "ம், போதும்." அது சரியா இருக்கு! ராஜராஜன் சாரும் "மங்களத்தோட கை பேசும்"ங்கிறாரு. என் கைக்கு வாய் இல்லையா?

— நல்லா இருக்கு கதை. திங்கக்கெழம தவறாம உன் நோட்டைத் தூக்கிப் புடிச்சு "ஆஷிகா மாதிரி எழுதுங்க, ஆஷிகா மாதிரி எழுதுங்க"ன்னு கிளாஸுக்கே படிச்சுக் காட்டுறாரே, அப்ப என் மூஞ்சியை ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ?

— பாக்கலையே.

— எப்படிப் பாப்ப? தலையைக் குனிஞ்சு சிரிச்சுக்கிட்டு இருப்ப. எட்டாவதோட என்னை நிறுத்திட்டாங்க. மூணு வரி எழுத முக்கா மணி நேரம் ஆவுது. எம் மவன் என் நோட்டைப் பாத்துட்டு "என்னம்மா, கோழி கெளறுன மாதிரி இருக்கு"ங்கிறான். உன் எழுத்தைப் பாத்தா முத்து கோத்த மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் எரியாதா?

— என் எழுத்தைப் பாத்தா உங்களுக்குப் பொறாமை?

— பின்ன? சரி, அதெல்லாம் கெடக்கட்டும். பேனாவை எடு. "நட்டு: மங்களாம்பிகை"ன்னு போடு. எனக்கு அந்த வேலை வேணும் புள்ள. சம்பா முடிஞ்சா நடவு மிஷின் கொட்டகையில நின்னுடும். வருஷத்துல பாதி நாளு நானும் அது கூடவே நிக்கிறேன்.

— எனக்கும் வேணும்க்கா. மஸ்கட்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க. கையில வேலை இருந்தா ஒரு வருஷம் தள்ளிப் போடலாம்னு அண்ணன் சொல்லியிருக்கான். இல்லன்னா ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சதும் நிக்காஹ்.

— அதுக்காக நான் வச்ச நட்டு உன்னுதாயிடுமா?

— ஆகாது.

— அப்ப எழுது.

— எழுதுறேன். ஆனா, அக்கா...

— என்ன இழுக்குற? ஆங், இரு இரு. பின்பக்கம் என்னவோ படிச்சேனே. "வகுப்பு முடிந்த பிறகு மரையை எண்ணாமல் விட்டுவிட்டேன்." மரைன்னா நட்டுக்கு வெளியே தெரியுற திருகு வரிதானே? அதைத்தான் வகுப்பு நடக்கறப்பவே பதினொன்னுன்னு எண்ணி எழுதிட்டியே. வகுப்பு முடிஞ்ச பெறகு என்னத்த எண்ணுறதுக்கு இருந்துச்சு?

— சும்மா, ஒரு தடவை பாத்துக்கலாம்னு...

— எண்ணாம விட்டதை "சிறு தவறு"ன்னு எழுதியிருக்க. ஒரு தடவை எண்ணினதை, திரும்பத் திருகினாத்தான் நீ மறுபடி எண்ணுவ. அந்த நட்டைத் தொட்டியா?

— தொட்டேன்.

— எப்ப?

— நேத்து. சரியா சொல்லணும்னா, ஆறு அம்பது இருக்கும். நீங்க குழாயடியில கை கழுவப் போயிருந்தீங்க. சார் ஆபீஸ் ரூமைப் பூட்டிக்கிட்டு இருந்தாரு.

— தொட்டு?

— ரெண்டு சுத்து இறுக்கினேன்.

— ரெண்டா?

— ரெண்டு. ஆறு இருந்தது எட்டாகும். பிரேக் விடாது, சக்கரம் புடிச்சுக்கும், கொஞ்ச தூரம் ஓட்டினா தீய்ஞ்ச வாடை வரும். "நட்டு மங்களத்தோட வேலை, என்ன மங்களம் இப்படிப் பண்ணிட்ட"ன்னு சார் கேப்பாரு. அதை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மஃரிப் தொழுதுட்டு வந்த கை அக்கா இது. அந்தக் கையாலதான் பண்ணினேன். அதுக்குள்ள சார் பூட்டிட்டு வந்துட்டாரு. அதான் மரையை எண்ணல.

— அடிப்பாவி.

— திட்டுங்க.

— திட்டாமப் பின்ன? என் சாப்பாட்டை எடுத்துத் தின்னிருக்க, தண்ணிப் பாட்டிலைக் குடிச்சிருக்க, அப்பல்லாம் தங்கச்சி மாதிரின்னு நெனச்சேன். எனக்கே குழி வெட்டியிருக்க!

— இன்னிக்கு சார் காரை வடவாத்துப் பாலத்து ஏத்தத்துல கொண்டுபோய் நிறுத்தினப்ப எனக்கு உசுரே இல்ல. இந்த ஊர் பூரா தட்டை. ஏத்தம்னு அந்த ஒன்னுதான் இருக்கு. கியரை எடுத்துட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, எதுத்தாப்புல டீ குடிச்சாரு. வண்டி அசையல. அது சரி, இறுக்கினா அசையாதுதான். ஆனா லிவரை இறக்கினதும் தள்ளாமலே சரசரன்னு பின்னாடி உருண்டுச்சே! எட்டு சுத்து இருந்தா உருளவே கூடாதுக்கா. லிவரும் சரியா அஞ்சாவது கடக்லதான் நின்னுச்சு. டார்ச் அடிச்சு மரையை எண்ணினாரு, பதினொன்னு. நோட்டுல இருக்கிற அதே பதினொன்னு. நான் கனவு கண்டேனா, இறுக்கினேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

— நீ தொழுவப் போனது எத்தனை மணிக்கு?

— ஆறரைக்கு. ஏன்?

— திரும்பி வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சுல்ல?

— ஆச்சு.

— அந்தப் பத்து நிமிஷத்துல நான் தளத்திட்டேன்.

— எதை?

— எதைன்னா? நட்டைத்தான்.

— நீங்க வச்ச நட்டை நீங்களேவா?

— நோட்டுல "ஆறு சுற்று, ஐந்தாவது கடக், பதினொரு மரை"ன்னு நீ முத்து முத்தா எழுதிட்டியே. மறுநாளு சார் லிவரை இழுத்தா எட்டு ஒம்போதுக்குப் போவணும். மரையை எண்ணினா கொறையணும். "ஆஷிகா எழுதுறதெல்லாம் பொய்க்கணக்கு, கையால பாக்குறவதான் சரி"ன்னு கிளாஸு முன்னாடி ஆவணும்னு தோணுச்சு. அப்புறம் நான் சட்டுனு ஒரு திருகு திருகி சரி பண்ணிக் காட்டலாம்னு இருந்தேன்.

— அல்லாவே! எத்தனை சுத்து தளத்தினீங்க?

— நான் எங்க எண்ணினேன்? கை சொன்ன அளவு.

— கை சொன்ன அளவு சரியா ரெண்டு சுத்து! எண்ணாமலே!

— ரெண்டுதானா அது?

— பின்ன பதினொன்னு எப்படி பதினொன்னாவே இருக்கும்? நீங்க ரெண்டு எடுத்தீங்க, நான் ரெண்டு வச்சேன். கெடுக்குறப்பகூட உங்க கை துல்லியமா கெடுக்குது. இதுக்கும் எனக்கு எரியுதுக்கா, சத்தியமா எரியுது!

— சிரிக்காத புள்ள. எனக்கும் வருது.

— நீங்கதான் மொதல்ல சிரிச்சீங்க.

— "ரெண்டு பேரும் ஒரே கை மாதிரி வேலை பாத்திருக்கீங்க"ன்னு சார் முதுகுல தட்டினாரே. ரெண்டு கழுதையும் தலையை ஆட்டிக்கிட்டு நின்னோம்.

— எனக்கு முதுகு கூசுச்சு.

— எனக்கு மட்டும் என்னவாம்? ஆனா பாரு, ஒன்னு இருக்கு. இப்பதான் ஒறைக்குது.

— என்ன?

— நான் வச்சது ஆறு. அதை நானே கலைச்சுட்டேன். இப்ப வண்டியில இருக்கிற ஆறு நீ வச்சது. அப்ப பாய் கேக்குற கை என் கை இல்ல. உன் கை.

— என் கையா?

— ஆமா. கணக்குப் பாரு, உனக்குத்தான் கணக்கு வருமே.

— நான் கெடுக்கத்தானே வச்சேன்?

— எதுக்கு வச்சன்னு பாய் கேக்கல. வச்சது யாருன்னுதான் கேட்டாரு. எனக்கு வயிறு காந்துது, இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்ல. போடு உன் பேரை. நாளைக்கு நீ போ.

— நெசமாவா சொல்றீங்க?

— சீக்கிரம் எழுது, மனசு மாறிடும்.

— "நட்டு: ஆ..." இல்ல, இருங்க. முழுசா ஒரு தடவை சரிபாத்துட்டு எழுதுறேன். அப்பதான் எனக்கு நம்பிக்கை வரும்.

— உன் புத்தி உன்னை விட்டுப் போவாது.

— டிரம், சரி. ஷூ, சரி. கேபிள், கிரீஸ், சரி. நட்டு ஆறு சுத்து, சரி. மரை பதினொன்னு, சார் எண்ணினாரு, சரி. லாக் நட்டு இறுக்கியாயிற்று... அக்கா.

— என்ன?

— நீங்க தளத்தினப்போ லாக் நட்டைத் தொறந்துட்டுத்தானே தளத்தியிருப்பீங்க? அது நட்டு மேல உக்காந்து நட்டை அசையவிடாமப் புடிச்சுக்கிட்டு இருக்குமே.

— தொறக்காம எப்படித் தளத்துறது?

— திரும்ப இறுக்கினீங்களா?

— எங்க இறுக்குறது? நீ தொழுகைப் பாயைச் சுருட்டுற சத்தம் கேட்டுச்சு. ஸ்பேனரைப் போட்டுட்டு எந்திரிச்சு ஓடுனேன். ஏன், உனக்கு அப்புறம்... நீ ரெண்டு சுத்து வச்சுட்டு லாக்கை இறுக்கியிருப்பல்ல?

— லூசா கெடந்துச்சு. நான் பாத்தேன். "அக்கா லாக் நட்டையே இறுக்காம விட்டுட்டாங்க, அதுவும் அவங்க பேர்லயே போகட்டும்"னு சந்தோஷமா அப்படியே விட்டுட்டேன்.

— சார் பாக்கலையா?

— அவரு டார்ச் அடிச்சு மரையை மட்டும் எண்ணினாரு. ஸ்பேனர் போடல. நோட்டுல "லாக் நட்டு இறுக்கியாயிற்று"ன்னு நான் எழுதியிருந்தேன். அதை நம்பிட்டாரு.

— ரெண்டு நட்டும் ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கும். பாத்தா தெரியாது.

— தெரியாது. ஓட ஓட, குலுங்கக் குலுங்க, தானா தளந்துக்கிட்டே போகும். லிவர் ஏழு, எட்டு, பத்துன்னு மேல வரும். ஒரு நாள் இழுத்தா இழுத்த மாதிரி இருக்கும், புடிக்காது.

— இப்ப வண்டி எங்க நிக்குது?

— ஜெக்கரியா மாமா வீட்டுக் கொட்டகையில. அங்க தரை சமம். ஒன்னும் ஆகாது. ஆனா நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவரு சம்சாரம் லத்தீஃபா மாமி காரை எடுத்துக்கிட்டு நன்னிலம் கிளம்புறாங்க, அவங்க உம்மா வீட்டுக்கு.

— அதுக்காகத்தானே பிரேக்கைச் சரி பண்ணிக் குடுங்கன்னு பாய் நின்னாரு! அந்த வீட்டு வாசல்ல நிறுத்த இடமில்ல, ஆத்தங்கரை மேலதான் ஏத்தி நிறுத்துவா, மூணு வருஷமா சக்கரத்துக்குக் கல்லு வச்சு நிறுத்துறான்னு.

— இனிமே கல்லு வேண்டாம்னு சார் சொல்லி அனுப்பிட்டாரு.

— கரைக்குக் கீழ என்ன இருக்கு?

— படித்துறை. பசங்க குளிக்கிற இடம்.

— போனைப் போடு. இப்பவே போடு.

— போட்டுட்டேன்... அடிக்குது... எடுக்கல. இஷா தொழுகைக்குப் போயிருப்பாங்க.

— திரும்பப் போடு.

— போடலாம்க்கா. ஆனா போன்ல என்ன சொல்றது? "மாமா, நட்டு கொஞ்சம் லூசா இருக்கும், பாத்துக்கங்க"ன்னு பாதிதான் வாயில வரும். மீதியை முழுங்கிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

— எனக்கும் என்னைத் தெரியும். "அந்தச் சின்னப் புள்ள மறந்துட்டா"ம்பேன்.

— நான் "அந்த அக்கா மறந்துட்டாங்க"ம்பேன்.

— அப்ப ரெண்டு பேரும் சேந்து அவரு முன்னாடி போய் நிக்கணும். இன்னிக்குப் போனா எனக்குக் கடைசி பஸ் தப்பிடும். உங்க வீட்ல காலையில விடுவாங்களா?

— அண்ணனை எழுப்பி பைக்கில கொண்டுவந்து விடச் சொல்றேன். உங்களுக்கு?

— முதல் பஸ் நாலே காலுக்கு. பெட்டிக்கடை வாசல்ல எறங்கி நடந்தா அஞ்சு மணிக்கு அங்க இருப்பேன். வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. குறுக்க நின்னாவது மறிக்கணும்.

— ஸ்பேனர் ரெண்டு எடுத்துக்கணும்க்கா. ஒன்னு நட்டை அசையாமப் புடிச்சுக்க, ஒன்னு லாக்கை இறுக்க. ஒரு கை போதாது.

— புடிக்கிறது யாரு, இறுக்குறது யாரு?

— நான் இறுக்கறேனே.

— பாத்தியா, மறுபடியும்.

— சரி, நீங்க இறுக்குங்க. நான் புடிச்சுக்கறேன். எண்ணுறது மட்டும் நான்.

— எண்ணிக்க, எண்ணிக்க. இந்த வேலை ரெண்டு பேருக்கும் போனாப் போவுது. இல்ல, போனா எனக்கு வலிக்கும், பொய் சொல்லக் கூடாது. சரி, நாளைக்குச் செய்யப்போற வேலையை எழுது.

— எழுதுறேன். பின்பக்கத்துல...

— பின்பக்கம் வேணாம். பின்பக்கம் எழுதினா "சிறு தவறு"ன்னு போடுவ. முன்பக்கம், பாய் படிக்கிற பக்கம். அந்த வெள்ளையா கெடக்குற அரைப் பக்கத்துல.

— எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

— குடு பேனாவை.

— நீங்களா?

— நான்தான். கோழி கெளறுனாலும் பரவால்ல. நேரமாவும், நீ கம்முனு இரு. "ஏப்ரல்... 10... வெள்ளி. காலை 5 மணி. ஜெக்கரியா பாய் வீடு. லாக் நட்டைத் திறந்து விட்டது மங்களாம்பிகை. பார்த்தும் விட்டது ஆஷிகா. இரண்டு பேரும் போய் இறுக்க வேண்டும்."